ஏலம் முடிந்த பிறகு இல்லை என்பவர்கள்

இரவு பத்து மணி. நாணயம் சேகரிப்போரின் வாட்ஸ்ஆப் குழு ஒன்றில் அன்றைய ஏலம் முடிகிற நேரம். ஏலத்தில் இருந்தது, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வெளியிட்ட நான்கு காசு மதிப்புள்ள செப்பு நாணயம். ஒரு பக்கம் ஆறாம் பிரெடரிக் மன்னரின் பெயரெழுத்து, அதன் மேல் முடி; மறுபக்கம் மதிப்பும் ஆண்டும். தொடக்க விலை 200 ரூபாய். 250, 300 என்று ஏறி 450இல் நின்றது. ‘டைம் ஓவர்’ என்று நிர்வாகி பதிவிட்டார். 450 கேட்டிருந்த கல்லூரி மாணவர், பணம் அனுப்ப ஜிபே எண் கேட்டார். அரை மணி நேரம் பதில் இல்லை. பிறகு விற்பவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “சாரி தம்பி, வீட்ல கொடுக்க வேணாம்னு சொல்றாங்க. லாட் கேன்சல்.” மூன்று வாரம் கழித்து அதே காசு வேறொரு குழுவில் 900 ரூபாய் தொடக்க விலையோடு வந்தது. விளிம்பின் கீழ்ப்பக்கம் இருந்த சிறு வெட்டு, முடிக்கு மேலே படிந்திருந்த பச்சைக் களிம்பு, எல்லாம் அப்படியே. படத்தைக்கூட அவர் மாற்றவில்லை.

அந்த மாணவருக்காகக் குழுவில் யாரும் பேசவில்லை. வாய் திறந்த ஓரிருவரும், “விடுப்பா, அவர் காசு, அவர் இஷ்டம்” என்றார்கள். இணையத்தில் நடக்கும் நாணய விற்பனையைக் கெடுப்பது இந்த எண்ணம்தான். ஏலம் முடியும் வரைதான் அது அவர் காசு. முடிந்த பிறகு அவர் பெட்டியில் இருப்பது இன்னொருவருடைய காசு.

இதை நான் நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆவது பிரிவில் ஏலத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் விடுபவர் முடிவை அறிவித்ததும் விற்பனை நிறைவு பெறுகிறது. அதற்கு முன்புவரை, கேட்டவர் தன் கேட்பைத் திரும்பப் பெறலாம். ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று ஊர்ப் பொதுவில் கூவி முடித்த பிறகு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த வழக்கத்தைத்தான் சட்டமும் சொல்கிறது. இணையத்தில் சுத்தியலின் இடத்தில் கடிகாரமோ நிர்வாகியின் ‘டைம் ஓவர்’ பதிவோ இருக்கிறது. அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறிப்பிட்ட ஒரு பொருள் ஒப்படைக்கத் தயாரான நிலையில் இருந்து, வேறு நிபந்தனை ஏதும் இல்லையென்றால், ஒப்பந்தம் ஏற்பட்ட கணத்திலேயே உரிமை வாங்குபவருக்கு மாறிவிடும். பணம் நாளை வந்தாலும், கூரியர் அடுத்த வாரம் போனாலும் அதனால் மாற்றமில்லை.

விற்பவருக்குப் பாதுகாப்பே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. இதற்குக் குறைந்தால் தரமாட்டேன் என்று ஒதுக்கீட்டு விலை வைக்க அதே 64ஆவது பிரிவு அனுமதிக்கிறது. தொடக்க விலையையே அவர் விரும்பும் அளவுக்கு வைக்கலாம். அரசு ஏலங்களில் ‘அதிகாரி உறுதி செய்தால்தான் விற்பனை’ என்று முன்கூட்டியே நிபந்தனை போடுகிறார்கள். அதுவும் செல்லும். எல்லாமே கேட்பு தொடங்கும் முன் சொல்ல வேண்டியவை. குறைந்த விலையில் தொடங்கி ஆட்களை இழுத்துவிட்டு, நினைத்த அளவு ஏறாததும் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்பது, ஒதுக்கீட்டு விலையை ஒளித்து வைத்து ஏலம் விட்டதற்குச் சமம்.

2018 ஆகஸ்டில் இபே தன் இந்தியத் தளத்தை மூடியது. அதற்கு முன்பு நம்மூர் நாணயப் பிரியர்கள் பலர் இணைய ஏலத்தைப் பழகியது அங்கேதான். குறைகள் இருந்தாலும் ஓர் ஒழுங்கு இருந்தது. விற்றுவிட்டுப் பொருள் இல்லை என்று ரத்து செய்தால் விற்பவரின் கணக்கில் ஒரு குறைப்புள்ளி ஏறும். அந்தப் புள்ளிகள் மொத்த விற்பனையில் நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் தரம் குறைந்த விற்பனையாளர் என்று முத்திரை விழும். அந்த முத்திரைக்குப் பயந்தே பலர் நட்டத்துக்கும் விற்றார்கள். இன்றும் வெளிநாட்டு இபேயில் வாங்குகிறவர்கள் ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். பின்வாங்கும் விற்பவர், “நீங்களே கேன்சல் கேட்ட மாதிரிப் போட்டுக்கொள்கிறேன், பணம் உடனே திரும்பி வரும்” என்று இனிமையாக எழுதுவார். வாங்கியவர் கேட்டு ரத்தானால் விற்பவருக்குக் குறைப்புள்ளி இல்லை. அதற்கு ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. நீங்கள் கேட்காததைக் கேட்டதாகச் சொன்னால், அடுத்தவர் அவரிடம் ஏமாறுவதற்கு நீங்களும் துணை போகிறீர்கள்.

தளம் போனதும் வியாபாரம் வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக் குழுக்களுக்கு மாறியது. மதிப்பெண் இல்லை, புள்ளி இல்லை, பழைய விற்பனையின் பதிவு இல்லை. ஒரு குழுவில் வெளியேற்றினால் இன்னொன்றில் வேறு எண்ணோடு நுழையலாம். பெரிய ஏல நிறுவனங்கள் அச்சிட்ட பட்டியலும் விதிமுறைகளும் வைத்து நடத்துகின்றன. அங்கே பேரரசுக் காலப் பொன் நாணயங்களும் அரிய ரூபாய்களும் போகின்றன. நம் கல்லூரி மாணவர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் புதுக்கோட்டை அம்மன் காசும் ராசராசன் செப்புக் காசும் வாங்குவது குழுக்களில்தான்.

ஏன் பின்வாங்குகிறார்கள்? எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பெரும்பங்கு காரணம், நாணயத்தைப் பற்றிப் பரவியிருக்கும் பொய். ‘இந்த ஐந்து ரூபாய் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி’ என்று வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டு நாணயத்தைக் காட்டும் காணொலிகளைப் பார்க்காதவர் குறைவு. அது கோடிக்கணக்கான கைகளில் புழங்குவதற்காக அடித்த காசு. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. இந்தக் காணொலிகளை நம்பித் தாத்தாவின் டப்பாவைத் திறந்து ஏலம் விடுகிறார் ஒருவர். ஐந்தாம் ஜார்ஜ் காலத்து கால் அணா 60 ரூபாயில் முடிகிறது. தன்னை எல்லோரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று அவர் நினைக்கிறார். இவரைத் திட்டுவதில் பயனில்லை. அந்த வகைக் காசு முன்பு விலை போன ஏலப் பதிவுகள் நான்கை அனுப்பி, “ஐயா, இதுதான் நடப்பு விலை” என்று பொறுமையாகச் சொன்னால், பலர் தந்துவிடுவார்கள்.

வேறு சிலருடைய கதை வேறு. ஏலம் நடக்கும்போதே தனிச்செய்தியில் ஒரு வியாபாரி கூடுதல் விலை சொல்லியிருப்பார். அல்லது விற்பவரே நண்பரின் எண்ணிலிருந்து விலையை ஏற்றிக்கொண்டு வந்து, கடைசியில் தன் வலையில் தானே விழுந்திருப்பார். அப்போது ‘அதிகம் கேட்டவர் பின்வாங்கிவிட்டார், உங்கள் கடைசிக் கேட்புக்கே தருகிறேன்’ என்று இரண்டாவது ஆளிடம் வருவார். அந்த இரண்டாவது ஆள் நீங்களாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் கடைசிக் கேட்பு பொய்க் கேட்போடு போட்டியிட்டு ஏறியதாக இருக்கலாம். விலையை ஏற்றுவதற்காகப் போலியாகக் கேட்டிருந்தால், வாங்குபவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்றும் 64ஆவது பிரிவே சொல்கிறது.

பின்வாங்குவது சரியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஏலம் முடிந்த பிறகு தன் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் போலி என்று ஒருவருக்குத் தெரிந்தால் அவர் விற்கக் கூடாது. அந்த ஆண்டின் ரூபாய் அரியது. அதனாலேயே போலிகள் மலிந்தன. அப்படிச் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தருபவர் நன்றிக்குரியவர். அதேபோல் மண்ணுக்குள் கிடைத்த காசை விற்க முன்வந்தவர் பயந்து விலகினால் அவரை வற்புறுத்தாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை மீறி வந்த காசுக்கு எந்த நீதிமன்றமும் உங்களுக்குத் துணை வராது. நூறாண்டைத் தாண்டிய நாணயங்களை விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் உரிமம் கேட்கிறது என்பதையும் வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

இதில் ஒரு மாணவரின் 450 ரூபாயைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. பழங்காசுக்கு ஒட்டப்பட்ட விலை கிடையாது. முன்பு அதே வகை எவ்வளவுக்குப் போனது என்பதுதான் அதன் விலை. குறைந்த விலையில் முடிந்த ஏலங்களையெல்லாம் விற்பவர்கள் ரத்து செய்துவிட்டால், ஏறிய விலைகள் மட்டுமே பதிவில் மிஞ்சும். அந்தப் பதிவைப் பார்த்து அடுத்தவர் தொடக்க விலையை வைப்பார். அதைப் பார்த்து மூன்றாமவர் வைப்பார். ஐந்தாறு ஆண்டுகளில் அம்மன் காசுகூட மாணவர் கைக்கு எட்டாத விலையில் நிற்கும். அந்த விலையில் உண்மையில் வாங்க ஆளும் இருக்காது. புதியவர்கள் இந்தப் பொழுதுபோக்கிலிருந்து விலகுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

விலையோடு வரலாறும் கெடுகிறது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் மணலைச் சலித்தெடுத்த காசுகள் வியாபாரிகள் கைமாறிச் சேகரிப்பாளர்களிடம் வந்தன. மாக்கோதை, கொல்லிரும்பொறை என்ற சேரர் பெயர்களை நாம் காசுகளில் படித்தது அப்படித்தான். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்ற பாண்டியன் பெயர் பொறித்த காசை வெளிக்கொண்டுவந்தது சங்ககாலக் காசு ஆய்வையே மாற்றியது. இந்த ஆய்வுகளில் காசு எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது என்ற செய்தி காசுக்குச் சமமான மதிப்புடையது. ஒரு குழுவில் பின்வாங்கிவிட்டு இன்னொன்றில் அதே காசை ஏற்றும் ஆள், பழைய வாங்குபவர் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று முதலில் மாற்றுவது கிடைத்த ஊரைத்தான். கரூர்க் காசு ஒரே இரவில் திருநெல்வேலிக் காசாகிவிடுகிறது.

ஆனால் காசின் முகத்தை அவரால் மாற்ற முடியாது. கையால் அடித்த பழங்காசு ஒவ்வொன்றும் தனி. அச்சு எந்தப் பக்கம் நகர்ந்து விழுந்தது, விளிம்பு எங்கே வெடித்தது, எந்த எழுத்து பாதி வெளியே போனது என்று பார்த்தால் போதும். எந்திரத்தில் அடித்த பிரிட்டிஷ் கால ரூபாயிலும் விளிம்புக் காயமும் நிறம் படிந்த விதமும் காட்டிக்கொடுக்கும். தரச்சான்று நிறுவனம் பெட்டியில் அடைத்த காசு என்றால் சான்று எண்ணே போதும். ஏலம் கேட்கும் முன்பே முன்பக்கப் படம், பின்பக்கப் படம், விற்பவர் எழுதிய விவரம், நேரத்தோடு கூடிய கேட்புகள், முடிவு அறிவிப்பு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். பின்வாங்கியதும் சிலர் முதலில் செய்வது பழைய பதிவை ‘அனைவருக்கும் நீக்கு’ என்று அழிப்பதுதான்.

விற்பவர் இப்படிப் பின்வாங்குவது பிற நாடுகளில் எப்போதோ நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் ஒருவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விர்ராவே ரக விமானத்தை இபேயில் 1,50,000 டாலர் குறைந்தபட்ச விலையோடு ஏலம் விட்டார். ஒருவர் சரியாக அந்த விலையைக் கேட்டு வென்றார். விற்றவரோ, இன்னொருவர் ஒரு லட்சம் டாலர் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டதால் தர மறுத்தார். 2007இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், ஏலம் முடிந்தபோதே ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது, விமானத்தையே ஒப்படைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் உச்ச நிலை நீதிமன்றத்தில் 2014இல் வந்த வழக்கு இன்னும் கூர்மையானது. ஒரு காரை ஒரு யூரோ தொடக்க விலையில் ஏலம் விட்டவர், வெளியே ஆள் கிடைத்ததும் ஏலத்தை நடுவிலேயே நிறுத்தினார். அப்போது ஒரே ஒருவர்தான் ஒரு யூரோ கேட்டிருந்தார். விலை மிகக் குறைவு என்பதற்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது, அந்த ஆபத்தைத் தானே விரும்பி ஏற்றவர் விற்பவர்தான் என்று சொல்லி, 5,249 யூரோ இழப்பீடு தரவேண்டும் என்பதை நீதிமன்றம் உறுதி செய்தது. 2016இல் வந்த இன்னொரு வழக்கில், தன் காருக்குத் தானே வேறு கணக்கிலிருந்து விலை கேட்டு ஏற்றிய விற்பனையாளரின் கேட்புகளையெல்லாம் கழித்துவிட்டு, உண்மையான வாங்குபவருக்கு ஒன்றரை யூரோவில் விற்பனை முடிந்ததாகவே அதே நீதிமன்றம் கொண்டது.

நம் நாட்டில் இந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பது காசின் மதிப்பைப் பொறுத்தது. போக வழி இருக்கிறது. மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் என்பதற்காகவே அதைச் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-அ பிரிவு. ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி, ஏல விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இழப்பீடாகக் கேட்கலாம். சந்தையில் எளிதில் கிடைக்காத தனித்த பொருள் என்றால், பொருளையே தரச் சொல்லிக் கேட்க ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்’ இடம் தருகிறது. பழங்காசுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இருக்க முடியாது.

தொழிலாக விற்பவர் மீது, தன் சேகரிப்புக்காக வாங்கியவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மறுவிற்பனைக்காக வாங்கும் வியாபாரிக்கு அந்த வழி இல்லை. புகாரை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாலே பாதிப் பேர் இறங்கி வருவார்கள் என்பது என் கணிப்பு. முறையான இணையச் சந்தை நிறுவனம் என்றால், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. வீட்டில் கிடந்த நான்கு காசை எப்போதாவது விற்கும் தனிநபருக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவரோடான வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது.

எந்த வழியில் போவதானாலும் வாங்கியவர் தன் பக்கத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஏலம் முடிந்த அன்றே, “பணம் தரத் தயாராக இருக்கிறேன், கணக்கு எண் அனுப்புங்கள்” என்று எழுதிவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தால், ‘அவர்தான் பணம் தரவில்லை’ என்ற சாக்கு அவருக்குக் கிடைத்துவிடும். அவர் மறுத்தால் ஒரு கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். குரல் அழைப்பில் பேசிய எதுவும் பின்னால் நிற்காது. குழுவில் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இந்த லாட், இந்த விலை, இந்த நேரம், இந்தப் பதில். ‘திருடன்’ என்று எழுதி, அவர் தொலைபேசி எண்ணையும் ஆதார் படத்தையும் பரப்பினால், பேச்சு அவர் தவறிலிருந்து உங்கள் தவறுக்கு மாறிவிடும்.

450 ரூபாய்க் காசுக்கு யாரும் ஆணையத்துக்குப் போகப்போவதில்லை. ஆகவே பொறுப்பு குழு நிர்வாகிகளிடம் வருகிறது. அவர்கள் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஏலம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்பாத ஒருவரை அவர்கள் அன்றிரவே நீக்குகிறார்கள். பெயரைப் பத்துக் குழுக்களுக்கு அனுப்புகிறார்கள். அது சரியும்கூட. விற்றுவிட்டுத் தராதவரையோ ‘சீனியர்’ என்று தாங்குகிறார்கள், ஏனென்றால் குழுவுக்குச் சரக்கு கொண்டுவருவது அவர்தான். ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு முனைகளுக்கு இரண்டு நீதி. மின்வணிக விதிகளில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. தான் ஒருதலையாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்காத நிறுவனம், வாங்குபவர் ரத்து செய்ததற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது அந்த விதி.

குழுக்களும் அதைப் பின்பற்றலாம். ஒதுக்கீட்டு விலை இருந்தால் லாட்டோடு சேர்த்து எழுத வேண்டும். முதல் கேட்பு விழுந்த பிறகு லாட்டை எடுக்க முடியாது. முடிவு அறிவித்த பிறகு மறுத்தால், பணம் தராத வாங்குபவருக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. உண்மையான காரணம் இருப்பவர் வாங்கியவரிடம் நேரில் பேசி, அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டும் விலக்கு. அதையும் வாங்கியவர்தான் குழுவில் எழுத வேண்டும். இன்னொன்றையும் இந்த மாத ஏலத்திலிருந்தே தொடங்கலாம். ஏலம் முடிந்ததும் வெளியிடும் முடிவுப் பட்டியலில், விற்பவர் பின்வாங்கிய லாட்டுகளை நீக்காமல், முடிந்த விலையோடும் விற்பவரின் குழுப் பெயரோடும் ‘விற்பவர் தரவில்லை’ என்று குறித்து வெளியிடுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். நிர்வாகி ஒரு வரி கூடுதலாகத் தட்டச்சு செய்தால் போதும்.